தானே எழுந்தவர்

எங்கள் டயாலிசிஸ் நிலையத்தில் ஏழாம் நாற்காலி அபுந்தியோ மெல்காருடையது. முப்பது வருடம் கரும்பு வெட்டியவர். வெயிலில் வெட்டி வெட்டிச் சிறுநீரகம் போனவர்கள் எங்கள் லெம்பா ஆற்றங்கரையில் வீட்டுக்கு ஒருவர். ஆனால் பக்கத்து ஆளிடம் புபூசா என்கிற உப்பு அடையை வாங்கித் தின்றுவிட்டு, எடை கூடியதற்குத் தராசைத் திட்டுகிறவர் இவர் ஒருவர்தான்.

எங்கள் தரத்தை அளக்க மேலிடம் ஒரு தாள் கொடுத்திருந்தது. நூறு பேரில் எத்தனை பேர் டயாலிசிஸின் நாலு மணி நேரத்தை முழுதாக முடித்தார்கள் என்பதுதான் அளவு. முடிக்காதவருக்கு ஒரே கட்டம்: "நோயாளி தானே எழுந்தார்." அதில் மூன்று குறி விழுந்தால் நாற்காலி வேறொருவருக்கு என்று எங்கள் இயக்குநர் சட்டம் போட்டார்.

அபுந்தியோவின் ஊருக்குக் கடைசி பஸ் மூன்று மணிக்கு. எங்கள் தண்ணீர் வடிகட்டி மக்கர் பண்ணும் நாளில் ஊசி போடவே பன்னிரண்டாகிவிடும். அவர் இரண்டரைக்கே எழுந்துவிடுவார். முதல் தடவை, தாளின் ஓரத்தில் வடிகட்டியைப் பற்றி எழுதப் போனேன். எழுதினால் இயக்குநர் என்னைக் கடித்துக் குதறுவார் என்று அபுந்தியோவுக்குத் தெரியும்.

"நானேதான் எழுந்தேன்னு போடுங்க, நர்சம்மா. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

போட்டேன். இரண்டாவது முறையும் போட்டேன். மூன்றாவது முறை, இன்று மட்டும் இருங்கள் என்று கெஞ்சினேன். பஸ்ஸை விட்டால் பதினெட்டு கிலோமீட்டர், நீங்களா தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று சிரித்தார். அன்றும் குறி போட்டேன். கோழை நான்.

அவரைத் தலைநகரப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதி அனுப்பினார்கள். அங்கே நீண்ட வரிசை. வாரம் மூன்று முறை கிடைத்த டயாலிசிஸ் ஒரு முறையாயிற்று. ஐந்தாம் வாரம் நெஞ்சில் நீர் கோத்து இறந்தார். அப்போது அவர் எங்கள் நோயாளி இல்லை என்பதால் அந்தச் சாவு எங்கள் தாளில் ஏறவில்லை. எங்கள் மதிப்பெண் கூடியது. இயக்குநர் கேக் வெட்டினார்.

அடுத்த வருடம் தாளைத் திருத்தும் குழு வந்தபோது, வேலை போனாலும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன: தொடங்கத் தாமதம், திரும்ப வண்டியில்லை. நாங்கள் வேறிடம் அனுப்பியவர் மூன்று மாதத்துக்குள் இறந்தால், அதுவும் எங்கள் கணக்குதான்.

ஏழாம் நாற்காலியில் இப்போது அவர் ஊர்க்காரி தோமாசா. நேற்று வடிகட்டி கெட்டது, இரண்டரைக்கு எழுந்தாள். சரியான கட்டத்தில் குறி போட்டேன். நாளை வருவாள், நாற்காலி இருக்கும்.

பழைய கோப்பில் அபுந்தியோவின் பெயருக்கு எதிரே, என் கையெழுத்தோடு மூன்று குறிகள் அப்படியே இருக்கின்றன. அதில் ஒன்றுகூட உண்மையில்லை.