வாத்துப் பாட்டில் என் குரல்

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், இந்த நாட்டில் நான் எங்கே போனாலும் என் குரல் எனக்கு முன்னால் போய் நிற்கும். அரிசி வாங்கப் போனால் கடையில் நிற்கும். பல் வைத்தியரிடம் போனால் காத்திருக்கும் அறையில் நிற்கும். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நீங்களும் உடனே நம்ப வேண்டாம், முழுவதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வாத்துச் சமைப்பார்கள். அப்படிச் சமைக்கவென்று ஒரு குடும்பம் உயிரோடு வாங்கி வந்த வாத்து, அடுப்புக்குப் போக மனமில்லாமல் சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. வீட்டில் உள்ளவர்கள் மாறி மாறிக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் அது வெளியே வந்து, சோபாவில் ஏறி அவர்களோடு தொலைக்காட்சி பார்க்கிறது. குடும்பம் உருளைக்கிழங்கு சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. கருத்துத் தேடினால் கடுகளவும் கிடைக்காது. ஒரு நத்தாரோடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பாட்டு முப்பத்தைந்து வருடமாக இடித்த புளி மாதிரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. காரணம், பல்லவி முடிகிற இடத்தில் வாத்தைக் கூப்பிடுகிற ஒரு சத்தம். குட்டையாக மூன்று ‘பா’, நீளமாக ஒரு ‘பாஆஆ’, கடைசியில் சீறிக்கொண்டு ஒரு விசில். அந்த இடம் வந்ததும் வங்கி மனேஜரும் கத்துவார், மூன்று வயதுப் பிள்ளையும் கத்தும்.

அந்தச் சத்தம் நான் போட்டது. யாழ்ப்பாணத்தில் பின்னேரம் கோழிகளைக் கூட்டுக்குக் கூப்பிடுகிற சத்தம் அது.

நான் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துக்கு வந்து மூன்றாவது குளிர்காலம். ஒரு உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினேன், உருளைக்கிழங்கு தோல் சீவினேன். அந்தக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு தாடிக்காரர் பாட்டுப் பதிவு செய்வார். ஒருநாள் அவர் சமையலறைக்குள் வந்து, வாத்தை எப்படிக் கூப்பிடுவது என்று சமையல்காரரிடம் கேட்டார். தான் வாத்தைக் கூப்பிடுவதில்லை, வெட்டுவதுதான் வழக்கம் என்று சமையல்காரர் சொன்னார். நான் கத்தியை வைத்துவிட்டு, எனக்கிருந்த அரைகுறை ஜெர்மன் மொழியில், கோழி என்றால் எனக்குத் தெரியும் என்றேன். தாடிக்காரர் என்னை அப்படியே கீழே கூட்டிக்கொண்டு போனார். சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. மைக்கைக் காட்டி, கூப்பிடு என்றார். மூன்று தரம் கூப்பிட்டேன். ஒரு தட்டு பிஸ்கட் தந்து மேலே அனுப்பினார். நான் மிச்ச உருளைக்கிழங்கைச் சீவப் போய்விட்டேன்.

அடுத்த நத்தாருக்குக் கடையில் வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேலே நான் கோழி கூப்பிட்டேன். கையில் இருந்த பால் பெட்டி விழுந்தது. ஓடிப்போய் அகதிகள் விடுதியில் என்னோடு அறையில் இருந்த மூன்று பேருக்கும் சொன்னேன். ஒருவன் கட்டிலில் படுத்தபடியே, அப்படியென்றால் கிற்றார் அடித்தது தான்தான் என்றான். கசெற்றின் உறையை வாங்கிப் பார்த்தேன். பெயர்ப் பட்டியலின் கடைசியில் ‘சமையலறைக்கு நன்றி’ என்று இருந்தது. அந்தச் சமையலறைதான் நான். ஆனால் அதை யாரிடம் காட்டி நிரூபிக்கிறது? இரண்டு வருடத்தில் தாடிக்காரர் வெயில் தேடி ஸ்பெயின் பக்கம் போய்விட்டார். உணவகம் இருந்த இடத்தில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள்.

சரி, ஒருதரம் கூப்பிட்டுக் காட்டிவிட்டால் முடிந்ததே என்பீர்கள். அங்கேதான் விதி என் பல்லில் விளையாடியது. அந்த விசில் வாயால் அடித்த விசில் அல்ல. பத்து வயதில் அக்கா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மதகில் மோதினாள். முன்பல்லில் பாதி போனது. அந்த ஓட்டையால் வந்த காற்றுத்தான் விசில். இங்கே எனக்குக் கல்யாணம் பேசி, பொம்பிளை விமானம் ஏறப்போகிறாள் என்றதும், ஓட்டைப் பல்லோடு போய் விமான நிலையத்தில் நிற்க வெட்கமாக இருந்தது. பல் வைத்தியர் அழகாக ஒரு மூடி போட்டுவிட்டார். அன்றோடு விசில் போனது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்குப் பல்லு வந்து சொல்லுப் போச்சு.

யாருக்காகப் பல்லைக் கட்டினேனோ அவளே என்னை நம்பவில்லை. கல்யாணமாகி முதல் நத்தாருக்குக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள், கேட்டுவிட்டு, “யாழ்ப்பாணத்தில பாதிப் பெடியளுக்குப் பல்லு உடைஞ்சுதான் கிடக்கு. எல்லாரும் பாட்டோ பாடினவை?” என்றாள். அக்காவிடம் கேட்டுப் பார் என்றேன். அக்கா தம்பியை விட்டுக்கொடுப்பாளோ என்றாள். நியாயமான கேள்விதான். என் பங்குக்கு நானும் கொஞ்சம் புளுகுகிற ஆள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் புளுகன் வாயிலும் எப்போதாவது உண்மை வராதோ?

மகள் பாலர் பாடசாலைக்குப் போன வருடம் நடந்ததுதான் பெரிய அவமானம். அங்கே வாத்துப் பாட்டுப் பழக்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஆடிப் பாடிக் காட்டினாள். நானும் சந்தோஷத்தில் சேர்ந்து கூப்பிட்டேன். பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள். “அப்பா, நீங்கள் பிழையாச் செய்யிறீங்கள். கடைசியில விசில் வரவேணும்” என்று என் சத்தத்தை எனக்கே சொல்லித்தந்தாள். மனைவி குசினிக்குள் போய்ச் சிரித்தாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோபத்தில் இல்லை, ரோசத்தில்.

போன வருடம் ஊரிலிருந்து அக்கா வந்தாள். இரண்டு தரம் விசா மறுத்து, மூன்றாவது அன்ட்ராக்குக்கு, அதுதான் விண்ணப்பத்துக்கு, மனமிரங்கினார்கள். அவள் வந்திறங்கியதும் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். அக்காவிடம் பாட்டைப் பற்றி இவ்வளவு காலமும் மூச்சுக்கூட விட்டதில்லை என்று சொல்கிறீர்கள், இனியும் விடக்கூடாது. நத்தார்ச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். பாட்டைக் கேட்டு அவவாகவே உங்களுடைய குரல் என்று சொன்னால் நான் நம்புகிறேன். சொல்லாவிட்டால் இந்தக் கதையை இனி இந்த வீட்டில் எடுக்கக்கூடாது. இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிற மகள்தான் நீதிபதி. நான் மார்பைத் தட்டி ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகுதான் யோசித்தேன். என் பிள்ளை என்னைப் புளுகன் என்றே நினைத்துக்கொண்டு காலம் கழிப்பாளே என்று இருந்தது. அக்கா அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டு முப்பத்தேழு வருடமாகிறது. அதற்குள் அவள் எத்தனை கோழியைக் கண்டிருப்பாள்.

மத்தியானம் போனதால் சந்தையில் சனம் குறைவு. மனைவி தன் கம்பளித் தொப்பியை அக்காவின் காது மூடும்படி இழுத்துவிட்டிருந்தாள். குளிருக்குத்தான் என்றாள். வாஃபல் கடையில் நிற்கும்போது பாட்டு வந்தது. நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். அக்கா வாஃபலை ஊதி ஊதிச் சாப்பிட்டாள். பாட்டு முடிந்தது. சீனி கூடிப்போச்சு என்று மட்டும் சொன்னாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். அதில் வெற்றி இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், பாவம் பார்க்கிற பார்வை அது. தொப்பி போட்டிருந்ததால் இது கணக்கில் வராது என்று மகள் மெதுவாகச் சொன்னாள். கணக்குத்தான் என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சந்தையும் வேண்டாம், உங்கள் தீர்ப்பும் வேண்டாம் என்று ராட்டினத்தின் பக்கம் நடந்தேன்.

பின்னால் வந்த அக்கா, தலை கடிக்குது என்று தொப்பியைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்தாள். ராட்டினம் சுற்றத் தொடங்கியது. அதே பாட்டு. முதல் பல்லவியில் அக்கா திரும்பிப் பார்த்து, இஞ்சையும் கோழி வளர்க்கினமோ என்று பொதுவாகக் கேட்டாள். இரண்டாவது பல்லவியில் நின்றுவிட்டாள். விசில் வந்ததும் என் பக்கம் வந்து, குளிர்ந்த விரலால் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“தம்பி, இது நான் உடைச்ச பல்லெல்லோ.”

நான் தலையாட்டினேன். அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. “நீ போன அண்டைக்கும் கோழியைக் கூப்பிட்டு அடைச்சுப்போட்டுத்தானே போனனீ. பிறகு டெலிபோனில வந்ததெல்லாம் வேற ஆரோ பெரிய மனுசன்ர குரல்” என்றாள். பாட்டு முடிந்ததும், இன்னொருக்காப் போடச் சொல்லு என்றாள். எனக்கும் அழுகை வந்தது. நிரூபித்துவிட்டேன் என்று துள்ளிக் குதிக்க எத்தனையோ வருடமாக ஆயத்தமாக இருந்தவன், வெட்கமில்லாமல் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினேன். மகள் வந்து கட்டிக்கொண்டு, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா” என்றாள். இடுப்பில் கைவைத்து எனக்குப் பாடம் எடுத்த அதே பிள்ளை.

மனைவியை மட்டும் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், பேரப்பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு நின்ற ஒரு ஜெர்மன்காரரின் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள். இப்போது கேட்டீர்களே, அது என்னுடைய கணவரின் குரல் என்று சொன்னாள். அந்த மனுஷன் மரியாதையாகச் சிரித்தார். வெங்காயம் வெட்டிக்கொண்டு அவள் என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை. அவளுக்கு வந்ததே கோபம். கையை விடாமல் முதலிலிருந்து தொடங்கினாள். நிலவறை, தாடிக்காரர், சுவரில் தொங்கிய கம்பளி, பாதியில் விட்ட உருளைக்கிழங்கு, ஸ்பெயின் எல்லாம் சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை. நான் சொன்ன ஒழுங்கிலேயே, நான் மூச்சு வாங்குகிற இடத்திலேயே மூச்சு வாங்கிச் சொன்னாள். ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள்.

பிஸ்கட் ஒரு தட்டுத்தான் தந்தார்கள். அவள் மூன்று தட்டு என்றாள். நான் திருத்தவில்லை.