கடற்கரைக் காட்சிக்குக் கூறைச் சேலை

மேல்வீட்டு ஸ்பெயின் நாட்டுத் தோழி என்னை நாடகத்துக்குக் கூப்பிட்டபோது, மற்றவர்களோடு சேர்ந்து ஒரே ஒரு வரி சொன்னால் போதும் என்றாள். ஸ்டுட்கார்ட்டில் ஸ்பானிய மொழி பேசும் பெண்கள் சிலர் சேர்ந்து இடைக்கிடை நாடகம் போடுவார்கள். இந்த முறை கதை அவள் எழுதியது. ஊர்ப் பெண்களாக நிற்க ஆள் போதவில்லை. கூட்டத்துக்குள் நிற்பது எனக்குப் பழக்கந்தான். ஓம் என்றுவிட்டேன்.

எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கதையைச் சொன்னாள். கடலுக்குப் போன ஒருவன் திரும்பி வரவில்லை. அவன் மனைவியை ஊரே கறுப்பு உடுக்கச் சொல்கிறது. ஸ்பெயினில் கணவனை இழந்தவளுக்குக் கறுப்பு. அவள் மறுக்கிறாள். அவன் இருக்கிறான் என்று சொல்லி, தன் கல்யாண உடுப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகிறாள். கடைசிக் காட்சியில் ஊர்ப் பெண்களும் தங்கள் கறுப்பைக் கழற்றிப் போட்டுக் கல்யாண வெள்ளையில் வந்து அவள் பக்கத்தில் நின்று, கடலைப் பார்த்து 'எனக்குப் பயமில்லை' என்று ஸ்பானிய மொழியில் சொல்ல வேண்டும். கீரை ஆயும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பழகினேன்.

கறுப்புக்கு நான் மறுப்பேனோ என்று அவள் பயந்திருக்கிறாள். எனக்குக் கறுப்பில் என்ன? இந்த நாட்டில் எத்தனையோ குளிர்காலத்தைக் கறுப்புக் கோட்டுக்குள்தான் கழித்திருக்கிறேன். கடைசி ஒத்திகையில் அவள் வெள்ளைச் சட்டையை நீட்டினாள். கதையாகக் கேட்டபோது உறைக்காதது அப்போதுதான் உறைத்தது. என் கை பின்வாங்கியது.

"ஏன், அளவு பிழையோ?"

"வெள்ளை எனக்கு ஏலாது. எங்கடை ஊரிலை புருஷன் செத்தவைக்குத்தான் வெள்ளை. வாற செவ்வாய்க்கிழமை என்ரை மனுசனுக்கு நெஞ்சிலை ஒப்பரேஷன்."

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவன் உயிரோடை இருக்கிறான் எண்டு காட்டத்தானே நான் வெள்ளை வைச்சனான்."

"விளங்குது. ஆனால் எனக்கு அது மற்றப் பக்கமாய் இருக்கு."

வீட்டுக்கு வந்து கணவரிடம், நாடகத்துக்குப் போகவில்லை என்று சொன்னேன். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நான் செத்தால் அது நான் ஊதின சிகரெட்டாலை. உம்மடை சட்டையாலை இல்லை."

"வாயைக் கழுவுங்கோ."

அவர் சிரித்தாலும் கை நெஞ்சைத் தடவிக்கொண்டுதான் இருந்தது. நான் அடுப்படிக்குப் போய் யோசித்தேன். நாடகத்தில் வரும் அந்தப் பெண் நிறத்தைப் பார்த்தா உடுத்தாள்? அவன் தன்னைக் கைப்பிடித்த நாளின் உடுப்பு என்றுதானே உடுத்தாள். அந்த நாளின் உடுப்பு என்னிடமும் இருக்கிறது. அரக்குச் சிவப்பு, தங்கக் கரை, அலுமாரியின் மேல்தட்டில்.

மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"நான் என்ரை கூறைச் சேலையோடை வாறன். அது சிவப்பு."

தோழி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெள்ளைக்குள்ளை ஒரு சிவப்பு. மண்டபம் முழுக்க உம்மைத்தான் பாக்கும். தபால்காரனைக் கண்டாலே கதவுக்குப் பின்னாலை நிக்கிற ஆள் நீர்."

"பாக்கட்டும்."

சனிக்கிழமை மாலை அப்படியே மேடையேறினேன். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் வெளியே எடுத்துவிட்ட தாலி. முன்வரிசையில் என் கணவர் தலைப்பாகை கட்டாத மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தார். பார்ப்பவர்களின் கண்கள் சேலையில் முட்டுவது எனக்குத் தெரிந்தது. வரி வந்தபோது ஒரு கணம் பிந்திவிட்டேன். மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகு என் குரல் தனியாக வந்தது. அதைத் தணிக்க நான் முயலவில்லை. கடல் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். லிப்ட்டுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார்கள். அவர் என் கறுப்புக் கோட்டைப் பார்த்தார்.

"இண்டைக்குக் கூறை இல்லையோ?"

கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினேன். சிவப்பைக் கண்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். லிப்ட் கதவு மூடிக்கொண்டது.

பின்னேரம் டாக்டர் வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோதும் நான் அந்தக் கோட்டின் பொத்தான்களைப் பூட்டியிருக்கவில்லை.