திரும்பி வந்த சாப்பாட்டு டப்பா

போன ஜூன் மாதம் என் மகள் ஜெனி எல்.கே.ஜி. சேர்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய மதிய சாப்பாட்டு டப்பா நிரம்பியபடியே திரும்பி வந்தது. லெமன் சாதம் வைத்தாலும் அப்படியேதான். முட்டை வைத்தாலும் அப்படியேதான். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. அதனால் ஆண்டவர் செய்ததை எழுதித் தருகிறேன்.

நான் செல்வராஜ். கோலார் தங்கவயல்காரன். ஏழாவதோடு படிப்பை விட்டேன். ஹூப்ளியில் லாரி கிளீனர், கோவாவில் ஓட்டல் வேலை, அப்புறம் பெயின்டிங். எந்த ஊரிலும் கால் தரிக்காது. எஸ்தரைக் கல்யாணம் செய்த பிறகுதான் லிங்கராஜபுரத்தில் வீடு என்று ஒன்று இருந்தது.

ஜெனி பள்ளிக்கூடம் சேர்வதற்கு முந்தின டிசம்பரில் எஸ்தர் ஜுரத்தில் இறந்துபோனாள். நான் அழவில்லை. அழுகை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தேன். எல்லோரும் நின்றபோது நின்றேன், உட்கார்ந்தபோது உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் அவளுக்காகச் சத்தமாக ஜெபித்ததுதான் கடைசி. அதன்பின் வாய் திறக்கவில்லை.

கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காதான் ஜெனிக்கு மூன்று வேளையும் சோறு போட்டார். ஜூனில் அவரும் பகல் வேலைக்குப் போகத் தொடங்கியதால் மதியத்துக்கு மட்டும் டப்பா. காலையும் இரவும் அக்கா வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை, பள்ளியில் ஒரு வாய் தொடவில்லை.

திரும்பி வந்ததை நானே தின்பேன். வீணாக்கக்கூடாது என்றுதான். வாசலில் நின்று தின்றதை அக்கா ஒருநாள் பார்த்துவிட்டார்.

"ஏன்டா செல்வா, டப்பா கட்டறது புள்ளைக்கா உனக்கா? அதுக்கு நீயே யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் போயேன்டா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலையில் ஒரு மத்தியானம் ஜெனி வகுப்பில் மயங்கி விழுந்தாள். கன்னடக்கார மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஜெனி அப்பா, இவ ஊட்டானே மாடல்ல, சாப்பிடறதே இல்ல. டப்பாவ வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கா. இந்த வாரம் பாருங்க. இல்லன்னா அடுத்த வருஷம் சேத்துக்கலாம்."

எஸ்தரின் அக்கா தங்கவயலில் இருக்கிறார். "பொண்ண எங்கிட்ட விட்டுட்டுப் போங்க, நான் வளக்கறேன்" என்று போனில் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். ஜெனியை அங்கே விட்டால் நான் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடுவேன். திரும்பி வரமாட்டேன். நாளை திங்கட்கிழமை என்று தெரிவது போல அது தெரிந்தது. வருத்தம்கூட வரவில்லை. அவளுடைய துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தேன்.

ஸ்டெல்லா அக்கா பையைப் பார்த்தார். "ஆண்டவருகிட்ட கேட்டியாடா?"

"முன்ன கேட்டதுக்கு என்னக்கா கெடச்சுது?"

"அப்ப அதுக்குச் சண்ட போடு. சண்ட போட்டாவது பேசு. ஊமையாட்டம் இருக்காத."

மறுநாள் காலை சாரத்தின்மேல் நின்று சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தேன். கையில் பட்டி இழுக்கிற தகடு. "ஆண்டவரே, பிள்ளை சாப்பிடட்டும்" என்றேன். அவ்வளவுதான். மனதில் ஒன்றும் அசையவில்லை.

மத்தியானம் நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். கால் அங்கே போனது. சாப்பாட்டு நேரம். ஆயா என்னை வராந்தா வரைக்கும் விட்டார்.

வரிசையாகப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெனி டப்பாவைத் திறந்து வைத்து, கை கூப்பி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணைத் திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஜெபிக்காமல் யாரும் சோற்றில் கை வைக்கக்கூடாது. எஸ்தர் ஜெபிப்பாள், ஜெனி ஆமென் சொல்வாள். எஸ்தருக்குப் பிறகு ஸ்டெல்லா அக்கா வீட்டிலும் அதே முறை. இங்கே யாரும் ஜெபிக்கவில்லை. அதனால் பிள்ளை தினமும் காத்திருந்திருக்கிறாள், மணி அடிக்கும்வரை.

ஈர உடையோடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அப்பா, நீ பண்றியா?"

நானும் கை கூப்பினேன். பிறகு எஸ்தரின் வார்த்தைகளே வந்தன. "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இல்லாதவங்களுக்கும் கொடும்." அதற்கு மேல் மறந்துவிட்டது.

"ஆமென்!" என்று ஜெனி போட்ட சத்தத்தில் எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சாப்பிடத் தொடங்கிவிட்டாள். கீழே சிந்தியதையும் பொறுக்கித் தின்றாள்.

மிஸ் வந்து விஷயம் கேட்டார். "அய்யோ, இஷ்டேனா? இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான். பிள்ளை சாப்பிட வேண்டும் என்று நான் ஜெபித்தேன். பிள்ளையோ நான் ஜெபிக்க வேண்டும் என்று பட்டினி கிடந்திருக்கிறாள். ஒரே மத்தியானத்தில் ஆண்டவர் இரண்டு வேண்டுதலையும் கேட்டார்.

தங்கவயலுக்குப் போகவில்லை. பையிலிருந்த துணி மறுபடி கொடிக்கு வந்தது. இப்போது தினமும் காலையில் பள்ளி கேட்டருகே குனிந்து டப்பாவின் மேல் கை வைத்து ஜெபிக்கிறேன். முதல் நாள் எனக்கே சந்தேகம். "மத்தியானம் வரைக்கும் ஜெபம் இருக்குமாடி?" என்று கேட்டேன்.

"மூடி போட்டாச்சில்லப்பா. எங்கயும் போவாது" என்றாள்.

என் மனதின் மரத்த தன்மை முழுதும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சில நாள் வெறும் வாய்தான் ஜெபிக்கிறது. என்னைப் போல வாயடைத்துப் போனவர்கள் யாராவது இருந்தால், மனது சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு வார்த்தை வந்தால் அந்த இரண்டையும் சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.

நேற்றும் டப்பா காலியாகத்தான் வந்தது. ஸ்தோத்திரம்.