இதுவா, அதுவா

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் கடிக்கிற பிள்ளை, அடிக்கிற பிள்ளை, பொம்மையாலேயே மண்டையைப் பிளக்கிற பிள்ளை எல்லாம் கடைசியில் பஞ்சக்காவிடம்தான் போய்ச் சேரும். குரல் பஞ்சு மாதிரி, ஒருநாளும் உயராது என்பதால் அந்தப் பெயர். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் என்னைப் பால் காய்ச்ச விட்டுவிட்டார்கள்.

போன வாரம் மூன்று வயது வாண்டு ஒன்று, சறுக்குமரத்தில் தன் முறை இன்னும் வரவில்லை என்று முன்னால் நின்ற பிள்ளையின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. நானாக இருந்தால் காட்டுக்கத்தல் கத்தியிருப்பேன். அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, அதன் மணிக்கட்டை லேசாகப் பிடித்தாள். "கோபம் வந்திருக்கு. சரி. அடிக்க விடமாட்டேன்." மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்: "என் மடியில உக்கார்றியா, மெத்தையில உக்கார்றியா?"

அதுதான் வித்தை. 'மாட்டேன்' என்பதற்கு இடமே கொடுக்கக் கூடாது. இரண்டே வழி, எதை எடுத்தாலும் நமக்குச் சரி. வாண்டு மடியில் ஏறியது, ஏறும்போதே அவள் புறங்கையைக் கடித்தும் வைத்தது. அக்கா யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

"வலிக்கலையாக்கா?" என்றேன்.

"தெரியல."

அவளுக்கு ஒரே மகள், கல்லூரி முடித்தவள். பிரிந்துபோன அப்பா தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டே இருந்தார். அவளும் போய்விட்டால் வீட்டில் பேச ஆள் கிடையாது. அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு பயம்தான். அதையும் பால் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரிதான் என்னிடம் சொன்னாள்.

நேற்றுக் காலை மேசையைத் துடைத்துக்கொண்டே, "அவ போயிட்டா" என்றாள்.

முந்தின நாள் சாயங்காலம் சண்டை. "நான் இருந்தா என்ன, போனா என்ன உனக்கு?" என்று கத்தி, மகள் தண்ணீர் ஜாடியைச் சுவரில் எறிந்திருக்கிறாள். அக்கா அவள் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு அதே பஞ்சுக் குரலில் கேட்டிருக்கிறாள்: "இன்னைக்குப் போறியா, நாளைக்குப் போறியா?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாளாம். "இன்னைக்கே" என்று பையை எடுத்தாளாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னக்கா நீ! போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

அக்கா துணியைப் பிழிந்தாள்.

"வாய் வரைக்கும் வந்துச்சு" என்றாள். "ஆனா அது மூணாவது வழியாச்சே."