டேஸ்ட் பார்த்து அனுப்பிய பாயசம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி சூப்பர்வைசராக இருந்தேன். புதிதாக வந்த மேனேஜர் முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்து வகுப்பெடுத்தார்.

"டேஸ்ட்ங்கிற வெர்ப் பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்ததுங்க. ஆதியில தொட்டுப் பார்க்கிறதுன்னுதான் அர்த்தம். அப்புறம் சோதிச்சுப் பார்க்கிறது. கடைசியிலதான் நாக்குக்கு வந்துச்சு. இனிமே டேஸ்ட் பண்ணாம எதுவும் பந்திக்குப் போகக் கூடாது."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிற நேரத்தில் பிரெஞ்சுப் பாடம். தலையாட்டி வைத்தோம்.

அடுத்த வாரமே ஒரு பெரிய கல்யாணம். லால்குடிப் பெண், உறையூர் மாப்பிள்ளை. பெண்ணின் அப்பா காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி வீட்டுல எதுல குறை சொல்லலாம்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க. சாப்பாட்டுல என் மானத்தைக் காப்பாத்திடுங்க."

மேனேஜர் ஸ்டோரில் இருந்த எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்களுக்கு மாற்றியிருந்தார். பார்க்க அழகுதான். பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் பொடி உப்பு விழுந்தது.

சமையல்காரர் ராகவன் சுவாமி, பெருமாளுக்குக் காட்டும் முன் எதையும் வாயில் வைக்க மாட்டார். காட்டினார். பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகாவது சுவாமி ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்த்திருக்கலாம். "எத்தனை வருஷமாப் பண்றேன், வாசனையே சொல்லிடுமே ஓய்!" என்றார். உப்புக்கு ஏது வாசனை?

மேனேஜருக்குச் சர்க்கரை வியாதி. அண்டாவின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஓகே, அனுப்புங்க" என்றார். இலை போட்டாகிவிட்டது. அனுப்பினோம்.

முதலில் குடித்தவர் மாப்பிள்ளையின் அப்பா. குடித்த வேகத்தில் துப்பினார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அப்பா முகம் வெளுத்து நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "டேஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்பினோம்."

பெண்ணின் அப்பா ஒரு டம்ளர் பாயசத்தை அவரிடம் நீட்டினார். "இப்பப் பண்ணுங்க."

மேனேஜர் குடித்தார். கண்ணில் நீர் முட்ட, "கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்கு சார்" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தச் சொல் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் சரி, பந்திக்கு முன் ஒரு கரண்டி உங்கள் வாய்க்குப் போகட்டும்.

அந்த வீட்டு இரண்டாவது பெண்ணின் கல்யாணம் காட்டூரில் வேறு மண்டபத்தில் நடந்தது. பெண்ணின் அப்பா எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். போனேன். பந்தியில் அவரே வந்து எனக்குப் பாயசம் ஊற்றினார்.

"டேஸ்ட் பண்ணிச் சொல்லுங்க."

டம்ளர் காலியாகும்வரை அவர் நகரவில்லை.