குழிவாடியும் என் ஆசிரியப் பணியும்

வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கும் எனக்கு, குழிவாடி என்கிற கண்ணாடி உள்ளே வளைந்ததா வெளியே வளைந்ததா என்பது ஐம்பது வயதுவரை தெரியாது. தெரியாததோடு நிற்காமல் அதை மனைவிக்குப் படிப்பித்தும் விட்டேன். கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியையான அவளுக்கு, வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் சித்தியடைய வேண்டியிருந்தது.

“குழிவாடி வெளிப்பக்கம் புடைச்சிருக்கும்” என்றேன் கம்பீரமாக.

அவள் முற்றத்தைப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, தென்னம்பிள்ளைக்கு வெட்டினது குழி. அது உள்ளுக்குத்தானே போகுது? காயப்போட்ட நெல்லைக் கூட்டினாக் குவியல். அப்ப வெளிய புடைச்சது குவிவாடியெல்லோ?”

வாதாட ஆங்கில அகராதியை எடுத்தேன். உள்வளைவுக்கு ஆங்கிலேயர் வைத்த சொல்லும், குழிந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்துதான் பிறந்ததாம். ரோமாபுரிக்காரரும் என் மனைவியின் பக்கம்! ஆனால் எனக்கு வெட்கத்தைவிடப் பெருமைதான் வந்தது. புத்தகம் திறக்காமலே பொருள் சொல்லும் மொழி என்னுடையது. அது சொல்வதைக் கேட்கத் தெரிந்தவள் என் வீட்டிலேயே இருக்கிறாள்.

பெறுபேறு வந்தது, விஞ்ஞானம் சித்தி. “நான் படிப்பிச்ச ஆள்” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பக்கத்து வீட்டக்கா, “அவரே உம்மைப் படிப்பிச்சவர்?” என்று அவளிடமே கேட்டுவிட்டா.

“ஓமக்கா,” என்றாள், “இவர் படிப்பிச்சும் பாஸ் பண்ணிட்டன்.”