தேவாங்குக்கு ஒரு சுவர்

சுவரோவியம் வரைகிறவள் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் என் தொழில், ஆண்கள் சுவரில் ஒன்றுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. காண்ட்ராக்டர்கள் என்னைக் கூப்பிடுவதே அதற்குத்தான். வெறும் சுவர் என்றால் வந்து நிற்பார்களாம், மயிலும் மலையும் இருந்தால் கூச்சப்படுவார்களாம். ஸ்ரீராம்புரத்தில் ஒரு மயிலுக்கு நான் கண் வைத்துக்கொண்டிருக்கும்போதே, அதன் வால் பக்கம் ஒரு மனிதர் சாவகாசமாக வந்து நின்றார். பிரஷும் கையுமாகத் தெருமுனை வரை துரத்தினேன். திரும்பி வந்து வாளித் தண்ணீர் ஊற்றிச் சுவரைக் கழுவிவிட்டு, வாலை மறுபடி வரைந்தேன்.

அதனால், மிருகக்காட்சி சாலை ஒன்றின் இருட்டுக் கூடத்தில் காடு வரைய வேண்டும் என்று அழைப்பு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் என் சுவர். எவனும் கிட்டே வர முடியாது.

அந்தக் கூடத்தில் பகலை இரவாக்கி வைத்திருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் ட்யூப் லைட் எரியும், இரவுப் பிராணிகள் அதைப் பகல் என்று நம்பித் தூங்கும். காலையில் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு மட்டும். அவை எழுந்து நடமாடும், ஜனங்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்குக் கிடைத்தது தேவாங்கு வரப்போகிற கூண்டு. ஒத்தாசைக்கு என் தங்கை வந்தாள். பீன்யா ஃபேக்டரி ஒன்றில் இரும்புப் பெட்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவள், கிடைத்த லீவையெல்லாம் என்னோடு கழித்தாள்.

முதலில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒரு காடு வரைந்தோம். கிளை கிளையாகச் சிவப்புப் பூ. சிவப்பு விளக்கைப் போட்டதும் பூவெல்லாம் வெளுத்துக் காணாமல் போயிற்று, இலையெல்லாம் கரியாகிவிட்டது. "காடு எரிஞ்சு போச்சுக்கா" என்று சொல்லிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

பிறகு சிவப்பு விளக்கிலேயே வரைந்தோம். எந்த டப்பாவில் என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? கண்ணுக்கு எது வெளிச்சமாகத் தெரிகிறதோ, எது இருட்டாகத் தெரிகிறதோ அதுதான் கணக்கு. தங்கை என் டீயில் பிரஷை நனைத்து ஒரு அடிமரமே வரைந்துவிட்டாள். முடித்துவிட்டு ட்யூப் லைட்டைப் போட்டால் ரோஸ் கலர் மரம், மஞ்சள் வானம். சுத்தமான கல்யாண ஸ்டேஜ். விளக்கை மாற்றினால் நிலா காயும் காடு. போட்டுப் போட்டு அணைத்து வயிறு வலிக்கச் சிரித்தோம். "ஸ்விட்ச் கெட்டுப் போகும்மா" என்று பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

என் கர்வமெல்லாம் ஒரு கிளையின் மேல்தான். கூண்டுக்குள் கட்டியிருந்த நிஜக் கிளை சுவரில் முட்டி முடிகிற இடத்தில் என் கிளை தொடங்கியது. ஒட்டு தெரியாது. தங்கை அதில் கைப்பையை மாட்டப்போய், பை கீழே விழுந்தது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெயின்ட் வாசனை சுத்தமாகப் போன பிறகு தேவாங்கைக் கொண்டுவந்தார்கள். அது மரப்பெட்டிக்குள் போய்ச் சுருண்டது. அப்புறம் வெளியே வரவே இல்லை. உள்ளே வைத்ததை மட்டும் கொஞ்சம் கொறித்தது. நாலைந்து நாள் பார்த்துவிட்டு அங்கே பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "சுவரு மிரட்டுதோ என்னவோ. இன்னைக்கும் வரலைன்னா மொத்தமா கருப்பு அடிச்சிடலாம். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். உள்ளங்கையில் அடங்குகிற பிராணி, அதற்கு என் காடு பிடிக்கவில்லையாம். தங்கையை வரச்சொல்லி, அண்ணனோடு கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மத்தியானம் பெட்டியிலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. தங்கை என் கையைக் கிள்ளினாள். "ஷ், சும்மா இரும்மா. காடுபாப்பா வருது" என்றார் அண்ணன். கன்னடத்தில் தேவாங்குக்கு அதுதான் பெயர்.

ஒரு கையை எடுத்து வைத்தது. யோசித்தது. இன்னொரு கையை வைத்தது. சர்க்கார் ஆபீஸ் ஃபைல்கூட இதைவிட நிதானமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. நிஜக் கிளையின் முனைக்கு வந்து, என் கிளையைப் பிடிக்கக் கையை நீட்டியது. விரல்கள் சுவரில் வழுக்கின. கையை இழுத்துக்கொண்டு, அதையே முகர்ந்து பார்த்தது. போச்சு, கருப்புதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, கண்ணைத் திற. பாருக்கா."

தேவாங்கு தன் உள்ளங்கையில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிதானமாக இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டது. பிறகு ஈரக் கையை என் கிளையின் மேல் அழுத்தி, பட்டை நெடுகத் தடவியது.

"ஆச்சும்மா. இது என் இடம்னு முடிவு பண்ணாத்தான் இப்படித் தேய்க்கும். கருப்பு வேணாம்னு டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றார் அண்ணன்.

தங்கை துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "உன் சுவத்துலயா அக்கா?" என்று மட்டும்தான் அவளால் கேட்க முடிந்தது. எனக்குச் சிரிப்பில் கண்ணீர் கொட்டியது. அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அண்ணன் வாளியும் ஈரத்துணியுமாகக் கூண்டுக் கதவைத் திறந்தார். "விட்டா நாறும்மா" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, சுவரைக் கழுவ வந்த ஆளைத் துரத்தினேன்.